பாடம் முடிந்த தேதி

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தாறு. கல்லூத்துக்கரை உயர்நிலைப் பள்ளியில் இப்படியொரு தலைகீழ் ஏற்பாடு இருந்தது.

குரு, பவளக்கொடி டீச்சர். பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவர். சீடர், வெயிலுமுத்து சார். அதே நிர்வாகத்தின் தொடக்கப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்துவிட்டு, பதவி உயர்வில் ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்த வந்தவர். வந்த முதல் வாரமே பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், எனக்கு இது ஒண்ணும் பிடிபடல. சொல்லிக் குடுங்க."

தன்னைவிட இருபது வயது இளையவரிடம் வெட்கப்படாமல் கேட்டாரே, அதற்காகவே அந்த மனிதரின் மற்ற குறைகளை மன்னித்துவிடலாம். மற்ற குறை என்றால் ஒன்றுதான். பயம். மேலிடத்துக்குப் பயம், ஆய்வுக்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தையும் யார் கண்ணிலும் படாமல் கடந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய வேண்டுதல்.

ஒருநாள் பவளக்கொடி டீச்சர் அவருடைய பாடப் பதிவேட்டைப் புரட்டினார். ‘உள்ளாட்சி அமைப்புகள். பாடம் முடிந்த தேதி: அக்டோபர் 24’ என்று சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார் சார்.

"முடிஞ்சிருச்சா சார்?"

"மூணு பீரியட்ல முடிச்சிட்டேன் டீச்சர். கேள்வி பதில் வரைக்கும் எழுதிப் போட்டாச்சு."

"பிள்ளைங்க என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. புரிஞ்சுதான்னேன். புரிஞ்சுது சார்னு மொத்தமாச் சொன்னாங்க."

டீச்சர் பதிவேட்டை மூடினார்.

"நவம்பர் ஒண்ணாந் தேதி கிராம சபை. பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போய் ஓரமா உக்கார வைங்க. பேச வேண்டாம், ஓட்டு வயசு வரல. பாக்கட்டும், போதும்."

பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று சாரும் கூட்டிக்கொண்டு போனார். வினை அங்கேதான் தொடங்கியது.

அந்த ஊர்க் கிராம சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் கூடியதும் முதல் வேலையாகப் பெரிய நோட்டு ஒன்று வரிசையாகக் கை மாறி வரும். பக்கத்தின் கீழ்ப்பாதியில் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். மேல்பாதி வெறுமையாக இருக்கும். வந்தவர்கள் டீயும் வடையும் சாப்பிட்டு வீட்டுக்குப் போன பிறகு, மேல்பாதியில் தீர்மானங்கள் எழுதப்படும். காலம் காலமாக அப்படித்தான். யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைத்ததில்லை, ஏமாறுவதாகவும் நினைத்ததில்லை.

நோட்டு மாரிக்கனியிடம் வந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிறவள். அவளுடைய மகள் கௌசிகா ஒன்பதாம் வகுப்பு; பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். வெயிலுமுத்து சார் எழுதிப் போட்ட கேள்வி பதிலை அட்சரம் பிசகாமல் நெட்டுருப் போட்ட பெண்.

"யம்மா, மேல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சிட்டுப் போடு. தீர்மானத்த வாசிச்சுக் காட்டணும்னு எங்க பாடத்துல இருக்கு."

மாரிக்கனி பார்த்தாள். வாசிக்க ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் எழுதலயேட்டி."

"அப்பப் போடாத."

பிள்ளை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்து மைக் ஒரு நிமிடம் செத்திருந்தது. பக்கத்திலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அரை மணி நேரத்தில் அறுபது பேர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார்கள். தேவையான எண்ணிக்கை சேரவில்லை. கூட்டம் செல்லாது என்று வந்திருந்த அதிகாரி எழுதிவிட்டுக் கிளம்பினார்.

ஊராட்சித் தலைவர் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். வெயிலுமுத்து சாருக்கு அந்தப் பார்வை போதும். தலைவர் பள்ளிக் கமிட்டியிலும் உறுப்பினர்.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒரு பைக் இரண்டு தடவை போனதற்கே ஜன்னலைச் சாத்தினார்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் பியூன் ஆசிரியர் கூட்டக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். பள்ளிக்கும் ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். வாரக் கூட்டம் என்று பேர், கூட்டமெல்லாம் நடக்காது. பிரேயர் மணி அடிக்கும்போது குறிப்பேடு சுற்றி வரும். எல்லாரும் கீழே கையெழுத்துப் போடுவார்கள். தலைமை ஆசிரியர் மேலே பிறகு எழுதிக்கொள்வார். மின்விசிறி பழுது, சுற்றுச்சுவருக்கு வெள்ளை, இப்படி எதையாவது. வெயிலுமுத்து சார் வலது கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டே இடது உள்ளங்கையில் நோட்டைத் தாங்கிக் கையெழுத்துப் போட்டார். பதினொரு பேர் போட்டார்கள். பவளக்கொடி டீச்சர் அன்றைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் இருந்தாலும் அவரிடம் குறிப்பேடு கடைசியாகத்தான் போகும். எழுதிய பிறகு கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிற ஆள். அதற்காக வாங்கிய மெமோக்கள் அவர் மேஜை இழுப்பறையில் கிடந்தன.

புதன்கிழமை தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன சார், பாடம் நடத்துறீங்களா, கட்சி நடத்துறீங்களா?"

சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. உங்க மேல யாரும் ஒண்ணும் சொல்லல. அந்தப் பிள்ளைக்கு மட்டும் டி.சி. குடுத்துருவோம். கூட்டத் தீர்மானம் போட்டாச்சு."

குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். ‘பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்து பள்ளியின் பெயருக்குக் களங்கம் விளைவித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி கௌசிகாவை வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி பெற்றோரை அறிவுறுத்துவது என அனைத்து ஆசிரியர்களாலும் ஒருமனதாக...’

கீழே மூன்றாவது கையெழுத்து அவருடையது. வெ என்ற எழுத்தின் கொம்பை நீட்டிப் போடுவார். நீண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை அந்தம்மாவ வரச் சொல்லியிருக்கேன். நீங்க வகுப்பாசிரியர், கூட இருக்கணும். ஒண்ணும் பேச வேண்டாம். இருந்தாப் போதும்."

"இங்க பத்தாம் வகுப்பு வரைக்கும் பஸ் இல்லாமப் படிச்சிரலாம் சார். வேற ஸ்கூல்னா அந்தப் பிள்ளை டவுனுக்குல்ல போகணும்? அனுப்புவாங்களா?"

"அது அவங்க பாடு."

அனுப்ப மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மத்தியானம் மாடிப்படியில் கௌசிகா எதிரில் வந்தாள். அழுத முகம். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"சார், தீர்மானத்துல உங்க கையெழுத்தும் இருக்குதாம். ஆபீஸ்ல சொன்னாங்க."

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"வாசிச்சிட்டுத்தானே சார் போட்டீங்க?"

ஆமாம் என்றால் ஒரு அசிங்கம். இல்லை என்றால் இன்னொரு அசிங்கம். வெயிலுமுத்து சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி அடிக்கப் போகுது. வகுப்புக்குப் போ தாயி."

போனாள். இவருக்குத்தான் படியில் கால் எழவில்லை.

சாயங்காலம் குருவைத் தேடிப் போனார். பவளக்கொடி டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அந்தப் பாடத்த நடத்தாமலே இருந்திருக்கலாமோ?"

டீச்சர் அடுத்த தாளை எடுத்தார். சாரே மறுபடியும் கேட்டார்.

"உங்ககிட்ட குறிப்பேடு வந்துச்சா?"

"நேத்து வந்துச்சு. எனக்குச் சம்மதமில்லைன்னு எழுதினேன். பதினொண்ணுக்கு ஒண்ணுன்னு ஹெச்.எம். சொல்லிட்டாரு."

"அப்ப என்னதான் செய்ய? எனக்குப் பயமா இருக்கு டீச்சர். பொய் சொல்லல. ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிக்குது. நாலு வருசந்தான் இருக்கு எனக்கு. பயப்படாம எப்படி டீச்சர் இருக்கிறது? அத எனக்குச் சொல்லிக் குடுங்க."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார்.

"நாளைக்கு மூணாவது பீரியட் உங்களுக்கு ஓய்வுதானே? என் வகுப்புக்கு வாங்க. கடைசி பெஞ்சுல உக்காருங்க."

வியாழக்கிழமை மூன்றாவது பீரியட். பத்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க வெயிலுமுத்து சார்.

டீச்சர் ஒரு வெள்ளைத்தாளை முதல் பெஞ்சில் கொடுத்தார்.

"கீழ எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பின்னால குடுங்க."

கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாள் சர்ரென்று ஓடியது. எதற்கென்று ஒரு பிள்ளை கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் பேனா கடன் கேட்டார்கள், வேறொன்றும் கேட்கவில்லை. கடைசியாகத் தாள் சாரிடம் வந்தது. அவருடைய கை அதுவாகச் சட்டைப் பைக்குப் போனது, பேனாவை எடுத்தது, வெ-யின் கொம்பை நீட்டியது. போட்டு முடித்த பிறகுதான் தான் போட்டது அவருக்கே தெரிந்தது.

டீச்சர் தாளை வாங்கி மேஜையில் வைத்து எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். வகுப்பில் சலசலப்பு அடங்கியது.

"டீச்சர், என்ன எழுதுறீங்க?"

"கையெழுத்துத்தான் போட்டாச்சே. இனி என்ன எழுதினா உங்களுக்கென்ன?"

யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை. டீச்சரின் முகத்தில் விளையாட்டு இல்லை. பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் பெயருக்கு மேலே தங்களுக்குத் தெரியாமல் என்னவோ ஏறிக்கொண்டிருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு மெல்ல உறைத்தது. முன் பெஞ்சில் ஒரு பெண்ணுக்கு உதடு பிதுங்கியது. சாருக்கு உள்ளங்கை வேர்த்தது. அவருடைய கையெழுத்தும் அதில்தானே கிடக்கிறது.

மூன்றாவது பெஞ்சில் ஒருவன் எழுந்தான்.

"டீச்சர், என் கையெழுத்த அடிச்சிக்கலாமா?"

"அடிக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா?"

அவன் வந்து அடித்தான். கோடு கோணலாகப் போனது. அடுத்து அந்தப் பெண் வந்தாள். பிறகு வரிசையே நின்றது. முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தன் பெயரைக் காணாமல் அழவே தொடங்கிவிட்டாள். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

வெயிலுமுத்து சாரும் எழத்தான் நினைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாக வரிசையில் நிற்பதா என்று ஒரு கூச்சம். டீச்சர் சும்மா விளையாட்டுக் காட்டுகிறார் என்று ஒரு சமாதானம். பெஞ்ச் வேறு குறுகல். மணி அடித்துவிட்டது.

பிள்ளைகள் வெளியே போனதும் டீச்சர் தாளை மடித்து அவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

வராந்தாவில் நின்று பிரித்துப் பார்த்தார். மேலே ஒரு எழுத்துக்கூட இல்லை. முழுக்க வெறும் அலைகோடு, எழுதுவதுபோல் கிறுக்கியிருந்தார். கீழே நாற்பத்து மூன்று கையெழுத்து. நாற்பத்திரண்டு அடிக்கப்பட்டிருந்தன.

அடிக்காத ஒன்றில் கொம்பு நீண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மாரிக்கனி வந்தாள். கௌசிகா அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள், சின்னப் பிள்ளைபோல். தலைமை ஆசிரியர் அறையில் வெயிலுமுத்து சார் சுவரோரமாக நின்றார். சட்டைப் பையில் அந்த மடித்த தாள் இருந்தது. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒருவன் பைக்கில் சாய்ந்துகொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் வீட்டு ஆள்.

"நாங்களா அனுப்பினா பிள்ளைக்குக் கெட்ட பேரு. நீயே கேட்டு வாங்கிட்டதா இருக்கட்டும்மா," என்றார் தலைமை ஆசிரியர், நன்மை செய்கிறவரின் குரலில். ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "இதுல கீழ ஒரு கையெழுத்துப் போடு. மேல கிளார்க் எழுதிக்குவாரு."

மாரிக்கனிக்குக் கண் கலங்கியிருந்தது.

"பிள்ள தெரியாமச் சொல்லிருச்சு சாரு. மன்னிச்சு விட்ருங்க. நூறு நாள் வேலைப் பட்டியல்லயும் எம் பேரு இல்லங்காக."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நீ கையெழுத்தப் போடு. எல்லாம் சரியாயிரும்."

அவள் பேனாவை எடுத்தாள். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத கை. தாளின் மேல் வந்துவிட்டது.

கௌசிகா தாளைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற வெயிலுமுத்து சாரைப் பார்த்தாள்.

அவருக்குக் காது அடைத்தது. நாலு வருடம், பென்ஷன், வேப்பமரத்தடி, எல்லாம் ஒன்றாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. ஒரு எட்டு முன்னால் வந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குரல் வந்தது, தன்னுடைய குரல்தானா என்று சந்தேகப்படும்படி கீச்சென்று வந்தது.

"வாசிச்சிட்டுப் போடும்மா."

அறையில் எல்லாரும் திரும்பினார்கள்.

மாரிக்கனி பேனாவை நிறுத்தினாள். தாளை மகளிடம் நீட்டினாள்.

"ஏட்டி, வாசி."

"ஒண்ணும் எழுதலம்மா."

மாரிக்கனி பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள்.

"எழுதிட்டுக் கூப்பிடுங்க சாரு. என்ன எழுதியிருக்குன்னு பிள்ள வாசிக்கட்டும். பொறவு பாக்கலாம்."

அம்மாவும் மகளும் போய்விட்டார்கள். தலைமை ஆசிரியரின் முகம் சிவந்திருந்தது.

"வெயிலுமுத்து சார், தீர்மானத்துல உங்க கையெழுத்து இருக்கு. மறந்துட்டீங்களா?"

"அந்த நோட்டக் கொஞ்சம் தாங்க சார்."

என்ன நினைத்தாரோ, தலைமை ஆசிரியர் நகர்த்தினார். நினைவூட்டினால் போதும் என்று எண்ணியிருக்கலாம். வெயிலுமுத்து சார் தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோணல் கோடுதான். பக்கத்தில் எழுதினார்: ‘படிக்காமல் போட்டது. படித்த பின் சம்மதமில்லை.’ தேதி போட்டார். மறுபடியும் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை கொம்பு நீளவில்லை. கை நடுங்கியதில் பாதியில் முறிந்துவிட்டது.

மூன்றரை மணிக்குப் பியூன் மெமோவைக் கொண்டுவந்து கொடுத்தார். வேப்பமரத்தடி ஆள் இன்னும் போகவில்லை. கௌசிகா வகுப்பில்தான் இருந்தாள். எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. கமிட்டி அடுத்த வாரம் கூடுகிறது.

பள்ளி விட்டதும் சீடர் குருவிடம் போனார். நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார்.

"கை இன்னும் ஆடுது டீச்சர். பாருங்க."

டீச்சர் பார்த்தார்.

"பயப்படாம இருக்கிறது எப்படின்னு கேட்டேன். நீங்க கடைசி வரைக்கும் சொல்லித் தரலயே."

"எனக்குத் தெரியாது சார்."

இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அவருடைய மெமோக்கள் அடுக்காக இருந்தன. சீடர் முதல் தடவையாக அவற்றைக் கிட்டத்தில் பார்த்தார். ஒவ்வொன்றின் ஓரமும் வியர்வையில் நைந்து சுருண்டிருந்தது.

ஒரு தாளின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தார். பிறகு தன் மெமோவை நீட்டினார்.

"இதுக்கு என்ன பதில் எழுத? பிள்ளையத் தூண்டி விட்டீங்களாங்காங்க. என்னைக்கு என்ன பாடம் நடத்தினேன்னு தேதியோட கேட்டிருக்காங்க. பாடப் பதிவேட்டையும் சேத்து வைக்கணுமாம்."

டீச்சர் பதிவேட்டை வாங்கினார். ‘உள்ளாட்சி அமைப்புகள். பாடம் முடிந்த தேதி: அக்டோபர் 24.’ சிவப்பு மை, அடிக்கோடு. அந்தப் பக்கத்தை அவர் முன்னால் திருப்பி வைத்தார். தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"இந்தத் தேதி தப்பு சார். அடிச்சிருங்க. பாடம் ஆரம்பிச்ச தேதின்னு இன்னைக்குத் தேதியப் போடுங்க."